போர்டு போகவில்லை, தம்பி!

"போர்டு போயிருச்சு."

திண்டுக்கல்லில் எந்தப் பேட்டரிக் கடை வாசலில் வேண்டுமானாலும் அரை மணி நேரம் நின்று பார். இந்தத் தீர்ப்பு உன் காதில் விழாமல் போகாது. இன்வெர்ட்டர் விடாமல் கத்துகிறதா? போர்டு போயிருச்சு. ஜெனரேட்டர் ஓடியும் சார்ஜ் ஏறவில்லையா? போர்டு போயிருச்சு. மூடியைத் திறக்கவில்லை, மீட்டரை எடுக்கவில்லை, ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடவில்லை. பார்த்த மாத்திரத்தில் மரண அறிவிப்பு! பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் தலையை ஆட்டிவிட்டுப் பர்ஸைத் திறக்கிறார்.

எனக்கு அந்தக் கடைக்காரர் மேல் கோபம் இல்லை. அது அவர் பிழைப்பு. என் கோபமெல்லாம் உன் மேல்தான். ஐ.டி.ஐ.யில் ரெண்டு வருஷம் எலக்ட்ரீஷியன் டிரேடு படித்து, வாங்கிய சர்டிபிகேட்டைக் கசங்காமல் பிளாஸ்டிக் கவருக்குள் வைத்திருக்கிறாயே, அந்த உன் மேல்தான். அன்றைக்குக் கடை வாசலில் நீயும் நின்றாய். "ஒரு நிமிஷம்ணே, வோல்டேஜ் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று உனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாய். ஏன் விழுங்கினாய்?

பூட்டுக்குப் பேர்போன ஊர்க்காரன் நீ. மாங்காய்ப் பூட்டின் வயிற்றுக்குள் எந்த லீவர் எங்கே விழும் என்பதை அரத்தையும் விரலையும் மட்டும் நம்பித் தெரிந்துவைத்திருந்தவர்கள் உன் தெருவில் நடமாடினார்கள். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது நீயும்தானே பெருமையாக ஸ்டேட்டஸ் வைத்தாய்? நாலு ஸ்க்ரூ போட்ட ஒரு தகரப் பெட்டியைத் திறக்க மட்டும் கை ஏன் நடுங்குகிறது?

"பயம் இல்லண்ணே, தெரியாது" என்பாய். தெரியாது என்பது குற்றமே இல்லை. தெரியாது என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாய் பார், அதுதான் குற்றம். தெரியாதவன் செய்ய வேண்டிய முதல் வேலை அளப்பது. அளக்கிறதற்குத் தைரியம் வேண்டாம், மேதாவித்தனம் வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும்.

காலையில் எழுந்ததும் கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும்" என்று நூறு தரம் சொல்லச் சொல்கிற பேச்சாளர்கள் ஊர் ஊராக வருகிறார்கள். மண்டபம் நிறைகிறது, கைதட்டல் கூரையைப் பிளக்கிறது. நீயும் சொல்லிப் பார். சொல்லி முடித்ததும் பேட்டரியில் ஒரு வோல்ட்டாவது ஏறியிருந்தால் எனக்கும் தகவல் சொல்லு. வாயால் ஏற்றிக்கொண்ட நம்பிக்கை வாசல்படி தாண்டுவதற்குள் இறங்கிவிடும். கையால் ஏற்றிக்கொண்டது இறங்காது. இதைத்தான் இன்றைக்கு உன் மண்டையில் ஆணி அடித்து மாட்டப்போகிறேன்.

தை மாதம் பழனி ரோட்டுக்கு வா. திண்டுக்கல்லிலிருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் அந்தச் சாலையின் ஓரம் முழுக்க மனிதர்கள்தான். நத்தம் வழியாக நகரத்தார் காவடி வருகிறது. சிவகங்கைச் சீமையிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் பச்சை வேட்டியும் வெறுங்காலுமாகக் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பின்னால் ஒரு வண்டி. பெரும்பாலும் டிராக்டர் டிரெய்லர், இல்லாவிட்டால் மினி லாரி. மேலே முருகன் படம், சீரியல் லைட், பாக்ஸ் ஸ்பீக்கர். உள்ளே அரிசி மூட்டை, பாத்திரம், பாய், தண்ணீர் டிரம். ஓரத்தில் ஒரு ஜெனரேட்டர், ஒரு இன்வெர்ட்டர், ஒரு டியூபுலர் பேட்டரி. வெளிநாட்டுக்காரன் லட்சக்கணக்கில் செலவழித்து நடமாடும் வீடு கட்டுகிறான். நம் ஆட்கள் நெல் ஏற்றிய டிரெய்லரைக் கழுவி, ரெண்டு மூங்கிலை நட்டு, தார்ப்பாய் போட்டு அதே வீட்டைக் கட்டிவிடுகிறார்கள். கரண்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ரெட்டியார்சத்திரம் தாண்டி ரோட்டோரத் தென்னந்தோப்பில் அப்படி ஒரு வண்டி ராத்தங்கலுக்கு நிற்கிறது என்று வைத்துக்கொள். நீ அந்தக் கூட்டத்தோடு நடந்து வந்திருக்கிறாய். ஜெனரேட்டர் ஓடுகிறது, சமையல் நடக்கிற இடத்தில் ரெண்டு ஹாலஜன் எரிகிறது. ஆனால் இன்வெர்ட்டர் "பீப் பீப்" என்று கத்திக்கொண்டே இருக்கிறது. கரண்டு வந்ததற்கு அடையாளமான பச்சை விளக்கு எரியவில்லை. பேட்டரி இறங்கிக்கொண்டே போகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டரை நிறுத்திவிட்டுப் படுக்க வேண்டும். ராத்திரி விளக்கு, செல்போன் சார்ஜ், சர்க்கரை நோயாளியின் இன்சுலின் இருக்கும் சின்னக் குளிர்பெட்டி எல்லாம் அந்தப் பேட்டரியை நம்பித்தான் இருக்கின்றன.

டிரைவர் எட்டிப் பார்க்கிறார். "போர்டு போயிருச்சு சாமி. ஒட்டன்சத்திரம் போனாத்தான் ஆகும்."

கூட்டத்தை வழிநடத்தும் குருசாமி உன் பக்கம் திரும்புகிறார். "ஏப்பா, நீ கரண்டு வேலை படிச்சவன்தானே? என்னன்னு பாரேன்."

இப்போது என்ன செய்வாய்? வழக்கம்போல் தலையைச் சொறிவாயா?

கையில் இருக்கும் காப்பையும் மோதிரத்தையும் முதலில் கழற்று. பேட்டரியின் இரண்டு முனைக்கும் நடுவில் அது சிக்கினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், சதை கருகும். பீடி பற்றவைத்தவரைத் தள்ளிப் போகச் சொல்லு, சார்ஜ் ஏறுகிற பேட்டரி ஹைட்ரஜனை விடும். அப்புறம் மீட்டரை டி.சி.க்குத் திருப்பிப் பேட்டரி முனையில் வை. 11.6 காட்டுகிறது. ஓய்வில் நிறைந்திருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.7 பக்கம் காட்டும். லோடு இழுத்துக்கொண்டே 10.5-க்கு வந்தால் இன்வெர்ட்டர் தானே நிறுத்திக்கொள்ளும். ஆக, பேட்டரி சாகவில்லை, பசியோடு இருக்கிறது. சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் இதே இடத்தில் 13-ஐத் தாண்டி மெல்ல 14-ஐ நோக்கி நகர வேண்டும். நகரவில்லை. ஒரே அளவில் பாதி உலகம் தெளிந்துவிட்டது. பேட்டரியின் மேல் பழி போட முடியாது. அதற்குச் சோறு வரவில்லை.

முனையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா என்று பார். பூத்திருந்தால் லக்கைக் கழற்றி, வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, இறுக்கிப் பூட்டி வாஸ்லின் தடவு. பேட்டரிக் கடைகளில் "செத்துப்போன" பேட்டரிகளில் எத்தனையோ இந்த ஒரு ஸ்பேனர் திருப்பலில் உயிர்த்தெழுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த வண்டியில் முனை சுத்தமாக இருக்கிறது. மேலே போ.

இப்போது மீட்டரை ஏ.சி.க்கு மாற்று. பழக்கமில்லாதவன் இங்கேதான் தடுமாறுவான். 750 வோல்ட் வரை அளக்கும் இடத்தில் வைத்து, இன்வெர்ட்டர் பிளக் சொருகியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பக்கத்துச் சாக்கெட்டில் அள. 171. ஜெனரேட்டருக்கு நட, அதன் சாக்கெட்டிலேயே அள. 209. அங்கே 209, இங்கே 171. நடுவில் 38 வோல்ட் எங்கே போனது?

இந்தக் கேள்வி வந்துவிட்டதா? தம்பி, நீ ஜெயித்துவிட்டாய். இனி எல்லாம் நடை தூரம்தான். "போர்டு போயிருச்சு" என்றவரால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது, ஏனென்றால் அவரிடம் எண்ணே இல்லை. பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர்களுக்குப் பின்னால் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். யூ.பி.எஸ். மோடில் வைத்தால் சுமார் 180-க்கும் 260-க்கும் நடுவில் வருகிற கரண்டை மட்டும்தான் உள்ளே விடும். கம்ப்யூட்டர் மாதிரி நுணுக்கமான சாமான்களைக் காப்பாற்ற அப்படி. இன்னொரு மோடில் சுமார் 100 முதல் 290 வரை சகித்துக்கொள்ளும். உன் இன்வெர்ட்டர் ஆரோக்கியமாக இருக்கிறது. மட்டமான கரண்டு வாசலுக்கு வந்தது, காவல்காரன் விடவில்லை. போர்டு போகவில்லை, தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது!

அந்த 38 வோல்ட்டைத் தேடி வயரைப் பிடித்துக்கொண்டு போ. படுக்கிற இடத்துக்குப் புகையும் சத்தமும் வரக்கூடாது என்று ஜெனரேட்டரை ஐம்பது மீட்டர் தள்ளி வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் இழுத்த வயர், சீரியல் லைட்டுக்குப் போடும் அரை சதுர மில்லிமீட்டர் வயர். போக ஐம்பது, திரும்ப ஐம்பது. நூறு மீட்டர் செம்புக்கு கிட்டத்தட்ட 4 ஓம் தடை. ரெண்டு ஹாலஜனும் சார்ஜரும் சேர்ந்து ஆறு ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 24 வோல்ட் காலி. மிச்சம்? நடுவில் ஓரிடத்தில் வயரை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள். ஜெனரேட்டரை நிறுத்தச் சொல்லிவிட்டு அந்த டேப்பின் மேல் விரலை வை. சுடுகிறது. ஆறு ஆம்பியர் ஒரு லூஸ் கனெக்‌ஷன் வழியாக முக்கி முனகிப் போகிறபோது வரும் சூடு அது. பிரித்தால் செம்பு கறுத்துப்போய், டேப்பின் பிசின் உருகி ஒட்டிக்கொண்டிருக்கும். இன்னும் ரெண்டு மணி நேரம் விட்டிருந்தால் தென்னோலை பற்றியிருக்கும்.

கறுத்ததை வெட்டி எறி, புது முனையைச் சீவி, கனெக்டர் போட்டு முறுக்கு. ஹாலஜனை அந்த வயரிலிருந்து பிடுங்கி ஜெனரேட்டர் பக்கத்திலேயே தனியாக மாட்டு. மறுபடி ஓடவிட்டு அள. இங்கே 205. இன்வெர்ட்டருக்குள் ரிலே "டக்" என்று விழும். பச்சை விளக்கு எரியும். பேட்டரி முனையில் மீட்டரை வைத்தால் 12.9, 13.0, 13.1...

அந்த "டக்" இருக்கிறதே, அதைக் கேட்டவனுக்கு எந்தப் பேச்சாளரும் தேவையில்லை.

இன்வெர்ட்டரைப் பின்னாலிருக்கும் ஸ்விட்சைத் தள்ளி வேறு மோடுக்கு மாற்றினால் 171-லேயே சார்ஜ் ஏறியிருக்குமே என்று கேட்பாய். ஏறியிருக்கும். டேப் சுற்றிய இடமும் எரிந்திருக்கும். குறுக்கு வழி தெரிந்திருப்பதும் தேவைதான், ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு!

ஜெனரேட்டர் பக்கமும் போக வேண்டும். நம் ஊர்களில் இன்வெர்ட்டரைவிட அதிகமாக அவமானப்படுவது ஜெனரேட்டர்தான். ஸ்டார்ட் ஆகி ஆகி நின்றால் உடனே "கார்ப்பரேட்டர் அடைச்சிருச்சு" என்று பிரித்துப் போட்டுவிடுவார்கள். ஜெனரேட்டர் எப்படி நிற்கிறது என்று குனிந்து பார்த்தாயா? சாலையோரச் சரிவில் ஒரு கால் பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து நிற்கிறது. சின்ன ஜெனரேட்டர்கள் பலவற்றில் ஆயில் குறைந்தால் எஞ்சினைத் தானே நிறுத்தும் சென்சார் உண்டு. எஞ்சின் சாய்ந்தால் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். சென்சார் ஆயில் இல்லை என்று நினைத்து நிறுத்திவிடும். அந்தக் காலுக்கு அடியில் ஒரு கல்லைக் கொடுத்துச் சமமாக்கி, ஆயில் குச்சியை உருவிப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் பண்ணு. கார்ப்பரேட்டரைப் பிரிக்கிறவனுக்கு ரெண்டு மணி நேரம். கல் வைக்கிறவனுக்கு ரெண்டு நிமிஷம்.

சத்தத்தையும் கேள். 50 ஹெர்ட்ஸ் கரண்டு வேண்டுமென்றால் இந்தச் சின்ன பெட்ரோல் எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்ற வேண்டும். மிக்ஸியையும் கிரைண்டரையும் ஒரே நேரத்தில் போட்டதும் எஞ்சின் முக்கி 2700-க்கு இறங்கினால் ஹெர்ட்ஸ் 45-க்கு வந்துவிடும். வோல்டேஜ் சரியாக இருந்தாலும் இன்வெர்ட்டர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். உன் மீட்டரில் ஹெர்ட்ஸ் பார்க்கும் வசதி இருந்தால் பார்; இல்லாவிட்டால் எஞ்சினின் குரலே சொல்லிவிடும். கிரைண்டர் ஓடி முடிக்கட்டும், பிறகு சார்ஜ் போடு. பொறுமையும் ஒரு ஸ்பேனர்தான்.

இன்னொரு கோளாறு இருக்கிறது. அதைச் சொல்லும்போதுதான் எனக்கு உடம்பு சிலிர்க்கும். ஒரு வருஷம் மூலையில் கிடந்த ஜெனரேட்டரை எடுத்து ஓட்டுகிறார்கள். எஞ்சின் கம்பீரமாக ஓடுகிறது. மீட்டரில் கரண்டு ஒரு சொட்டு இல்லை. உள்ளே கம்பிச்சுருள் அறுபடவில்லை, கார்பன் பிரஷ் தேயவில்லை. பிறகென்ன? இரும்பில் மிச்சமிருந்த காந்தம் தீர்ந்துபோயிருக்கிறது.

இதன் கதை பெரிது. 1867 பிப்ரவரி 14-ஆம் தேதி லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரே நாளில் இரண்டு பேர் ஒரே விஷயத்தைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். ஒன்று சீமன்ஸ் தரப்பு, இன்னொன்று வீட்ஸ்டன். அதுவரை மின்சாரம் எடுக்க வேண்டுமென்றால் நிரந்தரக் காந்தமோ தனி பேட்டரியோ வேண்டும். இவர்கள் சொன்னது: வேண்டாம். இரும்பில் முன்பு எப்போதோ காந்தம் ஏறியிருந்தால் அதில் துளி மிச்சம் இருக்கும். அந்தத் துளி போதும். சுற்றினால் அது துளி கரண்டைத் தரும். அந்தக் கரண்டைத் திருப்பி அதே இரும்பைச் சுற்றிய கம்பிக்குக் கொடுத்தால் காந்தம் கொஞ்சம் கூடும். கூடிய காந்தம் கூடுதல் கரண்டு தரும். ரெண்டு வோல்ட், ஐந்து வோல்ட், ஐம்பது வோல்ட், 230 வோல்ட்! வெளியிலிருந்து யாரும் எதுவும் கொடுக்கவில்லை. தன்னிடம் மிஞ்சியிருந்ததை வைத்துத் தன்னைத் தானே எழுப்பிக்கொண்டது. இன்றைக்குப் பெரிய பெரிய மின்நிலையங்கள் வரைக்கும் வந்து நிற்கும் பாதை அங்கே திறந்தது.

தம்பி, உன்னிடமும் அந்த மிச்சம் இருக்கிறது! எட்டாம் வகுப்பில் டார்ச் லைட்டைப் பிரித்துத் திரும்ப மாட்டினாயே, அப்பாவின் பம்ப்செட் ஸ்டார்ட்டரில் ஃப்யூஸ் போட்டாயே, அந்த மிச்சம். துளிதான், யாருக்கும் தெரியாது, உனக்கே மறந்துவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனி. சுற்றாத ஜெனரேட்டருக்குள் எவ்வளவு மிச்சக் காந்தம் இருந்தாலும் ஒரு வோல்ட்கூட வராது. முதல் சுற்றைச் சுற்ற வைப்பது கையும் காலும்தான். மூலையில் கிடக்கக் கிடக்க அந்தத் துளியும் தீரும். தீர்ந்த ஜெனரேட்டருக்குக்கூட விமோசனம் உண்டு. வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவர் பேட்டரியை முறைப்படி சில வினாடி தொட்டுக் காட்டினால் காந்தம் திரும்ப ஏறும். நீயும் ஒரு நல்ல மெக்கானிக்கின் பக்கத்தில் போய் நில்லு. சம்பளம் குறைவென்றாலும் நில்லு.

அந்த ஜெனரேட்டரின் தாத்தா யார் தெரியுமா? மைக்கேல் ஃபாரடே. கொல்லர் மகன். 1805-இல், பதினான்காவது வயதில் புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். பைண்டிங்குக்கு வந்த கலைக்களஞ்சியத்தைத் தைக்கும் முன் படித்தார். மின்சாரம் பற்றிய பகுதியில் கண் நின்றது. விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, தன் கையாலேயே பைண்ட் செய்து அவருக்கே அனுப்பினார். 1813-இல் வேலை கிடைத்தது, ஆய்வகத்தில் எடுபிடி வேலை. கணக்கில் ஆள் சுமார்தான், பெரிய சமன்பாடுகளெல்லாம் அவருக்கு வராது. 1831-இல் கம்பிச்சுருளுக்குள் ஒரு காந்தத்தை நுழைத்து எடுத்தபோது கரண்டு அளக்கும் கருவியின் முள் அசைந்ததைப் பார்த்தார். பார்த்ததையெல்லாம் நாள்விடாமல் நோட்டில் எழுதிவைத்தார். உன் கூட்டத்துக்காகப் படபடவென்று ஓடுகிற பெட்டிக்குள் இருப்பது அந்தப் பைண்டிங் கடைப் பையனின் ஒரு முள் அசைவுதான்.

தன்னம்பிக்கைக் கட்டுரை என்றால் ஜி.டி. நாயுடு வராமல் முடியாது என்று உனக்குத் தெரியும். வழக்கமாகச் சொல்லும் புகழையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கிய மோட்டார் சைக்கிளை அவர் முதலில் ஓட்டி ஊர் சுற்றவில்லை. பிரித்துப் போட்டு, ஒவ்வொரு பாகமாகப் பார்த்து, திரும்ப மாட்டினார். எனக்கு அது போதும். 1920-இல் அவர் தானே டிரைவராக உட்கார்ந்து விட்ட முதல் பஸ் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையில்தான் ஓடியது. நீ வெறுங்காலோடு நடந்து போகிற அதே பழனிக்கு!

2012-ஐ நினைத்துப் பார். உனக்குச் சின்ன வயது. சென்னையைத் தவிர மற்ற ஊர்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லாத காலம். வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைகள் டீசல் ஊற்றி ஊற்றி நொந்துபோயின. சின்னாளபட்டியில் தறிக்காரர்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கடன் வாங்கியாவது வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் வாங்கினார்கள். விற்றவர்கள் நூறு பேர் என்றால், பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும் என்றுகூடச் சொல்லாமல் விற்றுவிட்டுப் போனார்கள். வறண்டு செத்த பேட்டரிகள் எடைக்குப் போயின. நம் மக்களின் காசு அப்படிக் கரைந்ததற்கு அரசாங்கத்தை மட்டும் திட்டிப் பயனில்லை. மீட்டர் பிடிக்கிற கை ஊரில் இல்லாமல் போனதும் ஒரு காரணம்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, டெல்டாவைப் புரட்டிப் போட்டுவிட்டு நம் திண்டுக்கல், கொடைக்கானல் பக்கமும் வந்து போனது. லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்த அந்த நாட்களில் டெல்டாக் கிராமங்களில் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியது எது? வாடகை ஜெனரேட்டர். அதை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், மோட்டாருக்கு லைன் கொடுத்து, தொட்டி நிறைந்ததும் அடுத்த ஊருக்கு நகர்ந்த ஆட்களுக்கு மேடையில் யாரும் பொன்னாடை போர்த்தவில்லை. ஆனால் அவர்கள் வரும் சத்தம் கேட்டதும் குடத்தோடு ஓடி வந்தார்கள் பெண்கள். அந்த மரியாதை எந்தச் சர்டிபிகேட்டில் இருக்கிறது?

நெருப்பாகப் பேசிவிட்டேன் என்று நெருப்பில் கை வைத்துவிடாதே. 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரைப் பக்கம் சாலையோரம் நின்ற ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். திருடனும் வரவில்லை, யாரும் விஷம் வைக்கவுமில்லை. ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு வண்டியின் அடித்தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமில்லை, வாசமில்லை. தூங்குகிறவன் எழுந்திருப்பதில்லை. டிரெய்லருக்குள்ளோ, தார்ப்பாய் மூடிய இடத்திலோ, படுத்திருப்பவர்களின் காற்று வரும் திசையிலோ ஜெனரேட்டரை ஓட்ட விடாதே. "குளிருதுப்பா, பக்கத்துல வை" என்று குருசாமியே சொன்னாலும் முடியாது என்று சொல்லு. ஜெனரேட்டர் லைனையும் இன்வெர்ட்டர் வெளியே தரும் லைனையும் ஒன்றோடொன்று முட்ட விடாதே. நடுவில் சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாத வண்டியில் நீ வேலையைத் தொடங்கவே தொடங்காதே. மெயின் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் இன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று எண்ணாதே, பேட்டரி இருக்கும்வரை உள்ளே 230 உயிரோடு இருக்கும். பெரியவர்கள் நிறையப் பேர் இருக்கிற கூட்டத்தில் "வேண்டாம், இது ஆபத்து" என்று இளையவன் ஒருவன் சொல்வதற்கு, பெட்டியைத் திறப்பதைவிடப் பெரிய நெஞ்சுரம் வேண்டும். அதையும் இப்போதே பழகு.

நிஜமாகவே போர்டு போகாதா? போகும். இடி விழுந்தால் போகும். அவசரத்தில் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி மாட்டினால் அடுத்த நொடியே மாஸ்ஃபெட் புகைந்து போகும். வயர், வோல்டேஜ், ஹெர்ட்ஸ், பேட்டரி எல்லாம் அளந்து முடித்து, உள்ளே ஃப்யூஸையும் பார்த்து, வேறு வழியே இல்லை என்று தெரிந்த பிறகு "போர்டு போயிருச்சு" என்று தலை நிமிர்ந்து சொல்லு. அப்போது அது தீர்ப்பு. அதுவரை அது வதந்தி.

தங்கச்சி, நீ ஏன் ஓரமாக நிற்கிறாய்? "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு ஸ்பேனரு?" என்று கேட்கிற அதே அத்தைதான், மாதாமாதம் ஸ்டூலைப் போட்டு ஏறிப் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறாள். மிதவைக் குச்சி பச்சையிலிருந்து சிவப்புக்கு இறங்கியதை வீட்டில் முதலில் பார்க்கிறவளும் அவள்தான். பாதி மெக்கானிக் வேலையைப் பட்டம் இல்லாமல் அவள் செய்துகொண்டிருக்கிறாள். மீதிப் பாதியை நீ எடுத்துக்கொள். ஹைட்ரோமீட்டர் என்றொரு கண்ணாடிக் குழாய் கடையில் கிடைக்கும். ஆறு அறைகளிலும் தனித்தனியாக உறிஞ்சிப் பார். நிறைந்த டியூபுலர் பேட்டரியில் 1.240 பக்கம் நிற்க வேண்டும். ஐந்து அறைகளில் சரியாக நின்று ஒன்றில் மட்டும் 1.150 என்று விழுந்துகிடந்தால் எந்த அறை செத்தது என்று கடைக்காரருக்கு முன்பே உனக்குத் தெரிந்துவிடும். வாரண்டி கார்டோடு போய்க் கவுண்டரில் அந்த எண்களை வரிசையாகச் சொல்லு. எதிரில் இருப்பவரின் குரல் மாறுவதைக் கேட்பாய்.

இன்று சாயங்காலமே தொடங்கு. வீட்டில் இருக்கும் பேட்டரியின் முனையில் மீட்டரை வை. கரண்டு இருக்கும்போது ஓர் அளவு, மெயினை நிறுத்தி ஃபேனை மட்டும் ஓடவிட்டுப் பத்து நிமிஷம் கழித்து ஓர் அளவு. ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுது. பக்கத்து வீட்டில் கேட்டு அங்கேயும் அள. அம்மாவழித் தாத்தா வீட்டுப் பரணில் 2012-இல் வாங்கிய இன்வெர்ட்டர் தூசி படிந்து கிடக்கும், அதை இறக்கு. ஏற்கெனவே போனது என்று எழுதிவிட்ட பெட்டியில் நீ எதையும் கெடுத்துவிட முடியாது. ரிலே எது, டிரான்ஸ்ஃபார்மர் எது, ஃப்யூஸ் எங்கே என்று விரல் வைத்து அடையாளம் காணப் பழகு.

தை பிறந்ததும் மீட்டர், டெஸ்டர், ஸ்பேனர் செட், நல்ல டேப், நாலு கனெக்டர், இரண்டரை சதுர மில்லிமீட்டர் வயர் ஒரு சுருள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு பழனி ரோட்டில் போய் நில்லு. முதல் வருஷம் சாமிக் காரியம் என்று சும்மா செய், தப்பில்லை. அடுத்த வருஷம் அதே குருசாமி ஊரில் மகள் கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் பார்க்கக் கூப்பிடுவார். அப்போது "நீங்க பார்த்துக் குடுங்கண்ணே" என்று இழுக்காதே. வயருக்கு இவ்வளவு, ராத்திரி முழுக்க நிற்கக் கூலி இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லு. தாள் எடுத்து எழுதிக் கொடு. பேரம் பேசுவார், பேசட்டும். ஏழு மணி நேரம் லோடு தாங்கும் என்று அளந்து பார்த்துச் சொல்கிறவனுக்குத் தன் விலையைச் சொல்லவும் கூச்சம் வராது.